மகன் தொட்டுக் காட்டிய எழுத்துகள்

1

கொரியாவில் ஆறு வருடம் இருந்தேன். அந்த நாட்டு எழுத்தில் ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது கோலார் தங்கவயலில், பாலகாட் சுரங்கத்தின் பக்கத்தில் இருக்கும் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டு அனுபவம் எழுதுகிறவர்கள் அங்கே இருந்துகொண்டு ஊரை நினைத்து எழுதுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊரில் இருந்துகொண்டு, அங்கே போக வழியில்லாமல் எழுதுகிறேன்.

என் மகன் செந்தில் சாங்வோன் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் படுத்திருக்கிறான். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது பக்கம் முழுவதும் அசைவில்லை. வாய் திறக்கிறது, பேச்சு வரவில்லை. இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேட்கிறது. அந்த விரலால் ஒரு எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். பலகை என்றால் மரப்பலகை அல்ல. தொட்ட எழுத்துகள் மேலே ஒரு வரியில் சேர்ந்து நிற்கும் கருவி. அதில் இருந்தவை கொரிய எழுத்துகள்.

நான் படித்தவன். இங்கிருக்கும் கனரகத் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகனின் விரல் பேசுவதைப் பார்த்துக்கொண்டு, கைநாட்டு வைக்கிறவனைப்போல உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை.

2

தங்கவயலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று மொழி பேசுவோம். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் கன்னடம், காய்கறிக்காரியிடம் தெலுங்கு. ஆனால் என் தலைமுறையில் பலருக்கும் படிக்கத் தெரிந்தது தமிழும் வேலைக்கான ஆங்கிலமும்தான். பஸ்ஸின் நெற்றியில் கன்னடத்தில் எழுதியிருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம், "இது பங்காருபேட்டை போவுதாங்க?" என்று கேட்டால் முடிந்தது. கேட்க வாய் இருக்கும்போது படிக்கக் கண் எதற்கு என்று இருந்துவிட்டோம். அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை. எழுத்தைத் தொடாமலே ஊரை ஓட்டிவிட முடிகிறது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

செந்தில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பக்கத்தில் நிற்பவரும் எனக்குத் தேவைப்படவில்லை. மின்சார ரசீது, வரி அறிவிப்பு, வங்கியில் ஒட்டியிருக்கும் காகிதம், எல்லாவற்றையும் அவன்தான் படித்துச் சொல்வான். அவனை ஆங்கில வழியில் சேர்த்து, இரண்டாம் மொழியாகக் கன்னடம் எடுக்க வைத்தேன். தமிழ் எடுக்க விடவில்லை. என் மனைவி சரோஜா உயிரோடு இருந்தபோது ஒரு நாள் கேட்டாள்.

"பையனுக்கு அ, ஆ கூட தெரியலீங்க. ஞாயித்துக்கெழமைல நீங்களாவது குந்தவச்சி சொல்லிக் குடுங்களேன்."

"தமிழு அவன் வாயில கீதில்ல? எழுத்து கத்துகினு இன்னா பண்ணப்போறான்? மைன்ஸே இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது. வேலைக்கு எது தேவையோ அத படிக்கட்டும்."

"அப்ப அலமாரில இருக்கிற பொஸ்தகமெல்லாம் யாருக்குங்க?"

இரண்டு அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் வைத்திருந்தவன் நான். அவற்றில் ஒன்றின் முதுகில் இருக்கும் தலைப்பைக்கூட என் மகனால் படிக்க முடியாமல் போனது. அதைச் செய்தது அரசாங்கமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. நான்தான்.

3

வேலைக்காகச் சாங்வோன் போன செந்தில் அங்கேயே மணம் முடித்து, சரோஜா போன பிறகு என்னையும் அழைத்துக்கொண்டான். அங்கேயும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தேன். செந்திலும் அவன் மனைவி மின்ஜியும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பதினோராவது மாடி வீட்டில் நான் தனியாக இருப்பேன். துணி துவைக்கும் இயந்திரத்தில் எழுத்து, சோறு வைக்கும் பாத்திரத்தில் எழுத்து, குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று சொல்ல ஐந்து தொட்டிகளில் ஐந்து விதமான எழுத்து. ஒவ்வொன்றையும் படம் எடுத்துச் செந்திலுக்கு அனுப்புவேன். தொழிற்சாலையில் வேலைக்கு நடுவே பார்த்துப் பதில் போடுவான். பதில் வரத் தாமதமானால் போன் போடுவேன்.

பேச்சு எனக்கு வந்தது. சந்தையில் கீரை விற்கும் அம்மாள்களிடம் விலை கேட்பேன், அதிகம் என்பேன், அவர்கள் சிரிப்பார்கள். தங்கவயல்காரனுக்கு எந்த மொழியும் வாயில் ஏறிவிடும். எழுத்துதான் ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்வதும் பொய். நான் ஏற விடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் செந்தில் வந்து காலணியைக் கழற்றிவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஒரே ஒரு வாரம் உக்காருங்க. மொத்தமே கொஞ்சம் எழுத்துதான். தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டே நாள்ல வந்துடும்னு என் ஃப்ரெண்டு சொல்றான்."

"இந்தக் குச்சியும் வட்டமும் படிச்சி எனக்கு இன்னாடா ஆவப்போவுது? நீ கீற இல்ல?"

"எனக்கும் லஞ்ச் டைம்னு ஒண்ணு இருக்குதுப்பா."

"ஏன், அப்பனுக்கு ரெண்டு வார்த்த படிச்சி சொன்னா சோறு எறங்காதா?"

அவன் சிரித்துவிட்டு எழுந்து போனான். சமையல் மேடையில் நின்றிருந்த மின்ஜி என்ன என்று அவனிடம் கொரியனில் கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கு நான் முடிவு செய்துகொண்டேன். செந்தில் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

4

விசா முடியும்போது ஊருக்கு வந்து, புதிதாக எடுத்துக்கொண்டு திரும்புவது வழக்கம். அப்படி வந்திருந்தபோதுதான் மின்ஜியின் போன் வந்தது. எங்களுக்கிடையே இருப்பது அரைகுறை ஆங்கிலம். அவள் என்னை "அபோனிம்" என்று அழைப்பாள். மாமனாரை அங்கே மரியாதையாக அப்படித்தான் அழைக்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு சொல் வரவில்லை அவளுக்கு.

மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயிலில் வேலைக்குப் போகும் கூட்டத்தோடு பெங்களூருக்குப் போனேன். விசா விண்ணப்பம் வாங்கும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன் இருந்தான். என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான்.

"இன்வைட் பண்றது யாரு சார்?"

"என் மகன்."

"அவர் சைன் எங்க?"

"கை வரலப்பா. ஆஸ்பத்திரில இருக்கான்."

"வீடியோல பேசுவாரா? அதையாவது ஆபீசர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்."

"பேச்சும் வரல."

அவன் கணினியில் ஒரு காலிக் கட்டத்தைப் பார்த்தான். "அப்போ உங்கள யாருதான் சார் கூப்புடுறாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அவனால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். மருமகள் தன் பெயரில் அழைப்பு அனுப்பலாம், குடும்ப உறவுக்கான சான்றுகளை இணைக்க வேண்டும். வெளியே வந்து நடைபாதையில் நின்றபடியே மின்ஜிக்கு போன் செய்தேன். "அனுப்புகிறேன் அபோனிம், கொஞ்சம் பொறுங்கள்" என்றாள். வாரங்கள் மாதங்களாயின. அழைப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் திரையில் மகனைப் பார்ப்பேன். முதலில் ஆங்கிலப் பலகையைத்தான் அவன் முன் வைத்தார்களாம். விரல் நகரவில்லையாம், சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தானாம். கொரியப் பலகையை வைத்ததும் விரல் ஓடியது. ஆனால் வந்தவை எதுவும் கொரியச் சொற்களாக இல்லை. எழுத்து மிஞ்சியிருக்கிறது, சொற்கள் சிதறிவிட்டன என்றார் மருத்துவர். மூளையில் எது போகும், எது தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்ஜி கேட்டாள். "அபோனிம், இது தமிழாக இருக்குமோ?"

நான் உடனே சொன்னேன். "இருக்கவே முடியாது. அவனுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது."

"நிச்சயமாகவா?"

"நான் அவன் அப்பன். எனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரமும் அவள் தயங்கித் தயங்கி அதையே கேட்டாள், அந்த ஒலிகளை வாசித்துக் காட்டட்டுமா என்றாள். நான் எரிச்சலோடு அதே பதிலைச் சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு அழைப்பிலும் செந்தில் எதையாவது தொட்டு முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பதிலுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "சரிப்பா, சரிப்பா, எல்லாம் சரியாயிடும்" என்பேன். அவன் மறுபடி தொடுவான். நான் மறுபடி சரிப்பா என்பேன். சில நாட்களில் கையை மடக்கிப் பலகையைக் குத்துவான். நோயின் கோபம் என்று நினைத்தேன்.

5

எழுத்துக் கற்கத் தொடங்கியது மகன் மேலிருந்த பாசத்தால் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. மருமகள்மேல் எனக்கு வந்த சந்தேகத்தால் தொடங்கினேன். அழைப்பு அனுப்பாமல் இழுக்கிறாள். அவன் சொல்வதில் அர்த்தமே இல்லை என்கிறாள். அவன் ஒருவேளை, "அப்பாவை வரச் சொல்" என்றுதான் தொட்டுக் காட்டுகிறானோ? இவள்தான் மறைக்கிறாளோ? நானே படித்துவிட்டால் அவளுடைய குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த எண்ணம்தான் எழுபது வயது கடந்தவனை முதல் வகுப்பில் உட்கார வைத்தது.

பக்கத்து வீட்டு ஷாலினி பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். தினமும் ரயிலில் போய் வருகிறாள். போகிற நேரத்திலும் வருகிற நேரத்திலும் கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்தையும் கற்றுக்கொண்டிருந்தாள். நான் போய்க் கேட்டபோது அவள் அம்மா கஸ்தூரி வாசலிலேயே சிரித்தாள்.

"இன்னா சார், நீங்களும் அந்த சீரியல்ல வுழுந்துட்டீங்களா? இவ ஒருத்திக்குத்தான் பித்துன்னு நெனச்சிகினு இருந்தேன்."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "போடி, சார் வீட்டுக்குப் போயி சொல்லிக் குடு. லீவுல கட்டில்ல உருள்றதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று மகளைத் துரத்தினாள்.

ஷாலினி பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். முதல் எழுத்தைப் பார்த்ததும், "இது ஆங்கிள்" என்றேன். செங்கோணமாக வளைந்த இரும்புக்குப் பட்டறையில் அதுதான் பெயர். இரண்டாவதைப் பார்த்து, "இது அதே ஆங்கிள், கவுத்து வச்சிருக்கு" என்றேன். அடுத்தது ஒரு பக்கம் திறந்த சேனல். அதற்கப்புறம் சதுரமாக ஒன்று, பாக்ஸ். வட்டமாக ஒன்று, பைப்.

"அங்கிள், இது இன்னா உங்க ஃபேக்டரி ஸ்டீல் யார்டா?" என்றாள்.

இரும்புப் பட்டறைச் சாமான்களாக நினைத்ததும் மெய்யெழுத்துகள் ஒரே மணி நேரத்தில் மனதில் நின்றன. நாக்கும் உதடும் தொண்டையும் எப்படி இருக்குமோ அதைப் பார்த்து வரைந்த வடிவங்களாம் அவை. முதல் ஆங்கிள் 'க', நாக்கின் பின்பகுதி மேலே எழும்பி நிற்பது. கவிழ்த்த ஆங்கிள் 'ந', நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் போய்த் தொடுவது. பாக்ஸ் 'ம', மூடிய வாய். சொல்லிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

ஷாலினிக்கு ஆரம்பத்தில் ஒரு இடத்தில் சிக்கலாம். ஒரே எழுத்து ஓரிடத்தில் 'க' என்று அழுத்தமாகவும், இன்னோரிடத்தில் மெலிந்தும் ஒலிக்கிறது. கன்னடத்தில் இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு. "எனக்கு இது ஏறவே ஒரு மாசம் ஆச்சு அங்கிள்."

"எனக்கு ஏறவே வேண்டாம்மா. கடல்னு எழுதுறோம், மகன்னு எழுதுறோம். எழுத்து ஒண்ணுதான், சத்தம் வேற வேற. தமிழ்லயே அப்படித்தானே."

"அய்யோ, அப்ப நீங்க பொறந்ததிலயிருந்தே பாதி கொரியன்" என்றாள்.

ஆறு வருடம் நான் குச்சி என்றும் வட்டம் என்றும் ஏளனம் செய்தது இதைத்தான். நம்முடைய உயிரும் மெய்யும்போல அங்கேயும் இரண்டு வகை; குச்சிகள்தான் உயிர். இரண்டும் சேர்ந்து ஒரு சதுரக் கட்டத்துக்குள் உட்காருகின்றன. தனி மெய்க்கு நாம் தலையில் புள்ளி வைக்கிறோம். அவர்கள் புள்ளி வைப்பதில்லை, கட்டத்தின் அடியில் இடம் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். நம் உயிரெழுத்து தனியாக நிற்கும். அங்கே தனியாக நிற்காது. முன்னால் அந்த வட்டம் வந்து நிற்க வேண்டும். அந்த இடத்தில் வட்டத்துக்கு ஒலி கிடையாது. உயிர் விழுந்துவிடாமல் பக்கத்தில் நிற்பதுதான் அதன் வேலை. அதே வட்டம் கட்டத்தின் அடியில் வந்தால் 'ங்' என்று ஒலிக்கிறது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அந்தப் பெண் எனக்கு இதைச் சொன்னாள். செந்தில் சொன்னது சரிதான். இரண்டு நாள் வேலை.

6

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்திருந்தேன். அர்த்தம் தெரியாது, ஒலி மட்டும் தெரியும். ஷாலினி ஒரு வரி எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"டெஸ்ட் அங்கிள். படிங்க."

ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். "சாப்... டிங்... கல்... லா."

"சேத்துப் படிங்க."

"சாப்டிங்கல்லா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இட்லி சாப்டேன்னு சொல்லுங்க அங்கிள்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இது கொரியனா?"

"தமிழ்தான் அங்கிள். எழுத்துதான் கொரியன். நானும் என் ஃப்ரெண்டும் ஆபீஸ்ல இப்படித்தான் சாட் பண்ணுவோம். மேனேஜர திட்டுறதெல்லாம் இதுலதான். டீம்ல ஒருத்தனுக்கும் புரியாது."

நாள்காட்டித் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் தெருக் கோயிலில் பிள்ளைகள் பாடும் தமிழ்ப் பாட்டுகளைக் கன்னட எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 'ழ' சரியாக வரவில்லை என்று அந்தப் பிள்ளைகளை அதட்டித் திருத்தியவன் நான். எழுத்து வேறு, மொழி வேறு என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, தமிழ் எழுத்துத் தெரியாதவனிடம் தமிழ் இருக்க முடியாது என்று என் மருமகளிடம் இரண்டு முறை அடித்துச் சொன்னேன். அவள் சரியான கதவைத்தான் தட்டினாள். தாழ்ப்பாள் போட்டது நான்.

"அங்கிள், இன்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. நீ வீட்டுக்குப் போ. மதியம் எனக்கு போன் வரும்."

அவள் தயங்கிக்கொண்டே போனாள்.

7

மதியம் திரை வெளிச்சமானதும் மின்ஜியிடம் சொன்னேன், பலகையின் மேல் வரி எனக்குத் தெரிகிற மாதிரி போனைப் பிடி என்று. காரணம் கேட்காமல் பிடித்தாள். செந்திலின் விரல் வந்தது. அது எழுத்துக்கு எழுத்து எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதுவரை விரலைப் பார்த்திருந்தேனே தவிர, அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததில்லை.

ஆங்கிள். குச்சி. வட்டம். இன்னொரு குச்சி.

"கா... இ" என்று வாய்விட்டுப் படித்தேன். "கை?"

விரல் நின்றது. திரையின் ஓரத்தில் அவன் கண் என்னைத் தேடி வந்தது. பிறகு விரல் வேகமாக ஓடத் தொடங்கியது, தவறான எழுத்தில் விழுந்தது, அழித்தது, மறுபடி ஓடியது. நான் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். நெடில் குறில் அந்த எழுத்தில் தெரியாது. "வாலி... வல்லி... வலி." அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்தன. "வலிக்குது. கை வலிக்குது. கை வலிக்குதாடா? எந்தக் கை?"

அவன் விரலைப் பலகையிலிருந்து எடுத்து, அசையாமல் கிடக்கும் வலது தோளின் மேல் வைத்தான்.

மின்ஜியிடம் ஆங்கிலத்தில் கத்தினேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். கூரையை மட்டும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தேன். பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. செயலிழந்த அந்தத் தோள் மூட்டிலிருந்து இறங்கியிருந்தது. அது தெரியாமல், பயிற்சி என்று சொல்லி, தினமும் அந்தக் கையைக் கயிற்றில் மாட்டி மேலே இழுத்திருக்கிறார்கள். முகம் கோணுவதைப் பார்த்து, வாதத்தில் கோணிய முகம்தானே என்று விட்டிருக்கிறார்கள். அவன் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னிடமும் சொல்லியிருக்கிறான்.

மருத்துவர் வந்து போன பிறகு, மின்ஜி மறுபடி போனை எடுத்துப் பிடித்தாள். அவன் நீளமாக ஒன்றைத் தொட்டான். படிக்க எனக்கு நிறைய நேரம் பிடித்தது. அவன் எழுதியிருந்தது இது: "இன்னாத்துக்கு சரி சரின்னீங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியலப்பா" என்றேன்.

பிறகு மின்ஜியிடம் சொன்னேன். நீ அன்றைக்குக் கேட்டது சரி, இது தமிழ்தான், நான்தான் கெடுத்தேன் என்று. அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இரண்டு முறை கேட்டேன், அபோனிம்" என்றாள்.

8

இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, தினமும் காலையில் கூப்பிடுகிறார்கள். நர்ஸ் ஒருத்தி போனைப் பிடிக்க, நான் பலகையைப் படித்து ஆங்கிலத்தில் சொல்கிறேன். தலையணை. தண்ணீர். வெளிச்சம் கண்ணில் படுகிறது. இவ்வளவு சின்ன விஷயங்களை இத்தனை மாதம் ஒரு மனிதன் கேட்டு, யாருக்கும் கேட்காமல் கிடந்திருக்கிறான். கயிற்றில் இழுப்பதை நிறுத்திவிட்டார்கள். தோளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வலி ஓரளவு குறையும், அந்த மூட்டு இனி பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். சில நாட்களில் அவன் விரலைத் தூக்குவதே இல்லை. நர்ஸ் என்னையும் நான் நர்ஸையும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அழைப்பு ஏன் தாமதமானது என்பதும் தெரிந்தது. உறவுச் சான்றுகளில் சிலவற்றுக்குச் செந்திலின் கையெழுத்து வேண்டியிருந்தது. கணவன் கையெழுத்துப் போட முடியாத நிலையில் மனைவி அவன் சார்பில் எதைச் செய்வதற்கும் அங்கே நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கிறது. வேலைக்கு நடுவில், சாப்பாட்டு நேரத்தில், அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறாள். எனக்குச் சொன்னால் கவலைப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். நான் பாலகாட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் என்னை மகனிடமிருந்து பிரிக்கிறாள் என்று நினைத்து எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த அழைப்புக் காகிதம் தயாராகி அவள் கைக்கு வந்தது. முத்திரை தெரிகிற மாதிரி திரையில் பிடித்துக் காட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "இன்றைக்கே அனுப்புகிறேன் அபோனிம். எப்போது வருகிறீர்கள்?"

மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள்.

"செந்திலு, நான் வரட்டாப்பா? விசா கெடச்சிடும் போல கீது. இப்ப எனக்கும் எழுத்து படிக்க வருது. உன்ன எதுக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன். பக்கத்துல குந்திகினு நீ சொல்றத படிச்சி சொல்றேன், அது போதும் எனக்கு."

அவன் கண்ணை மூடித் திறந்தான். விரல் வந்தது. சின்னச் சொல்தான், உடனே படித்துவிட்டேன். "வேணாம்."

"ஏன்டா?"

விரல் ஒவ்வொன்றாகத் தொட்டது. "இப்படி கெடக்குறத நீங்க நேர்ல பாக்க வேணாம்."

"என்ன சொல்கிறார்?" என்று மின்ஜி கேட்டாள். காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த வரி அவள் கண் முன்னால்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் அவளுடைய எழுத்து. ஆனால் அந்த மருத்துவமனையில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவருமில்லை. நான் ஒருவன்தான். "வாங்க என்கிறான்" என்று சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷமாக அனுப்பியிருப்பாள். விசா வந்திருக்கும். போய் இறங்கியிருப்பேன், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். இல்லை என்று அவன் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? அவன் எதைச் சொன்னாலும் அது என் வாய் வழியாகத்தானே வர வேண்டும். இதையெல்லாம் நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

"வர வேண்டாம் என்கிறான்" என்றேன். "இந்த நிலையில் தன்னை நான் நேரில் பார்க்கக் கூடாது என்கிறான். காகிதத்தை அனுப்பாதே, அம்மா."

மின்ஜி காகிதத்தைக் கீழே இறக்கினாள். செந்தில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆங்கிலம் அவனைவிட்டுப் போய்விட்டது என்கிறார்கள். ஆனாலும் நான் சரியாகத்தான் படித்தேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் அது இருந்தது.